ஒலிவியா டி ஹாவிலண்ட்: நாட்காட்டிக் கணக்கில் வென்ற நடிகை

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, முதன்மை நடிப்புக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ஒரே உடன்பிறப்புகள் ஒலிவியா டி ஹாவிலண்டும் ஜோன் ஃபான்டெய்னும்தான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூத்தவரான ஒலிவியாவைப் பற்றிக் கேட்டன. எனக்கு மிகவும் பிடித்த நடிகை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

டி ஹாவிலண்ட் என்ற பெயர் பிரெஞ்சுப் பெயர் போல் இருக்கிறது. பிறந்தது ஜப்பானில் என்று படித்தேன். படங்களிலோ அமெரிக்கப் பெண்ணாக வருகிறார். உண்மையில் அவர் எந்த நாட்டவர்? (கும்பகோணம் வாசகர்)

பெற்றோர் இருவரும் ஆங்கிலேயர். தந்தை வால்டர் டி ஹாவிலண்ட் டோக்கியோவில் காப்புரிமை வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர்; தாய் லிலியன் லண்டனில் முறையாக நாடகப் பயிற்சி பெற்றவர். 1916ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி டோக்கியோவில் பிறந்த மூத்த மகளுக்கு, ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வரும் சீமாட்டியின் பெயரையே வைத்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜோன் பிறந்தார். குழந்தைகள் இருவரும் அடிக்கடி நோயில் விழுந்ததால், 1919இல் அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்ட தாய், வழியில் கலிபோர்னியாவிலேயே தங்கிவிட்டார். தந்தை ஜப்பானுக்குத் திரும்பிப் போனார். அந்தத் திருமணம் அதோடு முறிந்தது. சரடோகா என்ற சிற்றூரில் வளர்ந்த ஒலிவியா, 1941 நவம்பர் இறுதியில், பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். வாழ்நாளின் பிற்பாதியைப் பாரிசில் கழித்தார். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டை உருவாக்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இவருடைய தந்தை வழி உறவினர் என்பதையும், விமானப் பெயரை வைத்துக் கேட்டிருந்த இன்னொரு வாசகருக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கில ஆசிரியை ஆகும் எண்ணத்தில் கல்லூரிக்குப் போகவிருந்த பெண் அவர். 1934இல் ஆஸ்திரிய நாடக இயக்குநர் மாக்ஸ் ரெய்ன்ஹார்ட், ஷேக்ஸ்பியரின் 'நடுக்கோடை இரவுக் கனவு' நாடகத்தை ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் மேடையேற்றியபோது, ஹெர்மியா பாத்திரத்துக்கு இரண்டாவது மாற்று நடிகையாக ஒலிவியாவைச் சேர்த்துக்கொண்டார். மாற்று நடிகைக்கும் மாற்று என்றால், மேடையேறும் வாய்ப்பே இல்லை என்றுதான் பொருள். ஆனால் முதலாமவரும் அடுத்தவரும் பட வேலைகளுக்காக விலகிவிட, தொடக்க நாளில் 18 வயது ஒலிவியாவே ஹெர்மியாவாக நின்றார். அதே நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் 1935இல் படமாக்கியபோதும் அந்தப் பாத்திரம் அவருக்கே கிடைத்தது. அதோடு அந்த நிறுவனத்தின் ஒப்பந்தமும் வந்து சேர்ந்தது.

எரால் ஃபிளினும் ஒலிவியாவும் காதலித்தார்களா? (மதுரை வாசகர்)

ஒருவர் மீது ஒருவருக்கு ஈர்ப்பு இருந்ததை ஒலிவியா முதிய வயதில் பேட்டிகளில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஃபிளின் அப்போது மணமானவர் என்பதால் அது மேற்கொண்டு வளரவில்லை என்றும் சொன்னார். 1935இன் 'கேப்டன் பிளட்' தொடங்கி 1941 வரை இருவரும் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். வண்ணத்தில் வந்த 'ராபின் ஹூட்' (1938) இன்றைக்கும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்க படம். ஆனால் இந்தப் படங்களில் எல்லாம் அவர் செய்ய வேண்டியிருந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: நாயகனைப் பார்த்து முதலில் கோபப்பட வேண்டும், பிறகு காதலிக்க வேண்டும், கடைசியில் காப்பாற்றப்பட வேண்டும். அடுத்து வரும் கேள்விகளுக்கான காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

'கான் வித் தி விண்ட்' படத்தில் எல்லாரும் ஸ்கார்லெட் வேடத்துக்குப் போட்டியிட்டபோது, சாதுவான மெலனி வேடத்தை இவர் ஏன் விரும்பி ஏற்றார்? (திருநெல்வேலி வாசகி)

மெலனியைச் சாது என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். படத்தில் ஒரு காட்சி வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம், வீட்டுக்குள் புகுந்த வடக்குப் படை வீரன் ஒருவனை ஸ்கார்லெட் படிக்கட்டில் வைத்துச் சுட்டுவிடுகிறாள். பிரசவத்தின் பலவீனம் இன்னும் தீராத மெலனி, தூக்க முடியாத வாள் ஒன்றை இழுத்துக்கொண்டு, இரவு உடையில் மாடிப்படியின் மேல் வந்து நிற்கிறாள். கீழே கிடக்கும் பிணத்தைப் பார்த்து அவள் அலறவில்லை. வெளியிலிருந்து சத்தம் கேட்டு ஓடிவருகிறவர்களிடம், துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று சிரித்த முகத்தோடு பொய் சொல்லி அனுப்பிவிடுகிறாள். அதன் பிறகு, செத்தவனுடைய பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமே என்கிறாள். தரையில் ரத்தம் சிந்தாதிருக்கத் தலையைச் சுற்றிக் கட்டுவதற்குத் தன் இரவு உடையையே கழற்றிக் கொடுக்கிறாள். இத்தனையையும், குரலை ஒரு முறைகூட உயர்த்தாமல் செய்கிறார் ஒலிவியா. நல்லவளாக இருப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை நடித்துக் காட்டுவது எளிதன்று; நல்ல பாத்திரங்கள் பெரும்பாலும் திரையில் சலிப்பூட்டும் பதுமைகளாகிவிடுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

வேடம் எளிதில் கைக்கு வரவில்லை. படம் தயாரித்தவர் டேவிட் செல்ஸ்னிக். ஒலிவியாவோ வார்னரின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தவர். நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் அவரைக் கடனாக அனுப்ப முடியாது என்று மறுத்துவிட்டார். மனம் தளராத ஒலிவியா, ஜாக் வார்னரின் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்து, தமக்காகப் பேச வேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். அந்தப் பேச்சு பலித்தது. படப்பிடிப்பு தொடங்கிய சில வாரங்களில் இயக்குநர் ஜார்ஜ் கூக்கர் நீக்கப்பட்டு விக்டர் ஃபிளெமிங் வந்தபோது, ஒலிவியாவும், ஸ்கார்லெட்டாக நடித்த விவியன் லீயும் (டார்ஜிலிங்கில் பிறந்தவர்), ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், கூக்கரின் வீட்டுக்குப் போய் அவரிடமே ஆலோசனை கேட்டு நடித்து வந்தார்கள்.

மெலனிக்காக அவர் துணை நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1940 பிப்ரவரி 29 அன்று அந்த விருது, அதே படத்தில் 'மேமி' என்ற பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குப் போனது. ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவர். அன்றிரவுகூட அவரை மற்றவர்களோடு உட்கார விடாமல் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள். தோற்ற வருத்தத்தில் அன்று அழுததையும், ஹாட்டிக்குக் கிடைத்ததே சரி என்று சில நாட்களில் மனம் தெளிந்ததையும் ஒலிவியா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

'டி ஹாவிலண்ட் சட்டம்' என்று ஒரு சட்டம் இருப்பதாக எங்கள் பேராசிரியர் சொன்னார். ஒரு நடிகையின் பெயரில் சட்டம் எப்படி வந்தது? (சென்னை சட்டக் கல்லூரி மாணவி)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பொருள் கிடைத்தது இவருடைய வழக்கில்தான்.

அந்தக் காலத்து ஹாலிவுட் ஒப்பந்தம் எப்படி இயங்கியது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நடிகர் ஒரு நிறுவனத்தோடு ஏழு ஆண்டுக்குக் கையெழுத்திடுவார். ஆனால் அந்த ஏழு ஆண்டும் இருவரையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்தாது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் நீட்டிப்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும் உண்டு, நடிகருக்கு இல்லை. எந்தப் படத்தில் எந்த வேடம் என்பதையும் நிறுவனமே சொல்லும். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளத்தை நிறுத்தி இடைநீக்கம் செய்துவிடுவார்கள். இடைநீக்கக் காலத்தில் வேறு நிறுவனத்திலும் நடிக்க முடியாது. இதுவரை உள்ளதைக்கூட ஒரு வேலைநிறுத்தத்துக்கான விலை என்று பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான கண்ணி அடுத்த விதியில்தான் இருந்தது: இடைநீக்கத்தில் கழிந்த வாரங்களை எண்ணி வைத்து, ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். மறுக்க மறுக்க விடுதலை நாள் தள்ளிக்கொண்டே போகும். ஏழு ஆண்டு எட்டாகலாம், ஒன்பதாகலாம். சுயமரியாதையோடு வேடம் தேர்ந்தெடுக்க நினைக்கிற ஒருவருக்கு முடிவே இல்லாமலும் போகலாம்.

1936இல் நட்சத்திர நடிகை பெட்டி டேவிஸ் இதே நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட இங்கிலாந்துக்கே போய்ப் பார்த்தார். லண்டன் நீதிமன்றம் வார்னரின் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தனை புகழ் பெற்றவருக்கே முடியாதபோது நமக்கு எப்படி முடியும் என்று மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள்.

ஒலிவியாவின் ஏழு ஆண்டு ஒப்பந்தம் 1936 மே மாதத்தில் தொடங்கியது. மெலனிக்குப் பிறகும் வார்னர் அவருக்குப் பழைய வகை வேடங்களையே கொடுத்து வந்தது, அவரும் மறுத்து வந்தார், இடைநீக்கங்கள் சேர்ந்தன. 1943 மே மாதம் ஏழு ஆண்டு முடிந்தபோது, இன்னும் ஏறத்தாழ ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்றது நிறுவனம். வழக்கறிஞர் மார்ட்டின் காங் அவருக்கு ஒரு பழைய சட்டப் பிரிவை எடுத்துக் காட்டினார். தனிப்பட்ட உழைப்புக்கான எந்த ஒப்பந்தத்தையும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொழிலாளி மீது செலுத்த முடியாது என்கிறது கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் உள்ள 2855ஆம் பிரிவு. இந்த விதியின் வேர் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 1931இல்தான் அது ஏழு ஆண்டு என்று ஆனது.

1943 ஆகஸ்டில் ஒலிவியா வழக்குத் தொடுத்தார். முழு வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: ஏழு ஆண்டு என்றால் எந்த ஏழு ஆண்டு? உண்மையில் வேலை செய்த நாட்களைக் கூட்டி வருகிற ஏழு ஆண்டு என்றது நிறுவனம். சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஏழு ஆண்டு என்றார் ஒலிவியா. விசாரணை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது; 1945இன் தொடக்கத்தில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்கவே மறுத்துவிட, தீர்ப்பு நிலைத்தது. சட்ட மாணவி என்பதால் உங்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு பொதுநலனுக்காக இயற்றப்பட்டது என்பதால், தொழிலாளி தானே விரும்பிக் கையெழுத்திட்டாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் உயிர் அந்த வரியில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஏனென்றால், வேலை தருகிறவர் நீட்டுகிற தாளில் கையெழுத்திடாமல் இருக்கும் வசதி வேலை தேடுகிறவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

வழக்கு நடந்த காலத்தில் அவரை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று ஜாக் வார்னர் மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் எழுதினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஒலிவியா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 27, 28 வயது என்பது அன்றைய ஹாலிவுட்டில் ஒரு நடிகையின் உச்ச காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், அவர் எதைப் பணயம் வைத்தார் என்பது விளங்கும். அந்த நாட்களில் அவர் வீட்டில் முடங்கியிருக்கவில்லை. போரில் காயமுற்ற வீரர்களைப் பார்க்க அலாஸ்கா பகுதியிலும் தென் பசிபிக் தீவுகளிலும் உள்ள ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார். ஃபிஜித் தீவில் நிமோனியா கண்டு தாமே மருத்துவமனையில் படுத்தார். படை சேவைக்குப் போய்த் திரும்பிய நடிகர்களுக்கும் இந்தத் தீர்ப்பு உதவியது. போர்க்களத்தில் கழிந்த ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டவைக்க இனி எந்த நிறுவனத்தாலும் முடியாது.

வழக்குப் போட்டவருக்கு மறுபடியும் வாய்ப்புக் கொடுத்தார்களா? அவருடைய மிகச் சிறந்த படம் என்று எதைச் சொல்வீர்கள்? (ஈரோடு வாசகர்)

கொடுத்தார்கள். அவருடைய பெரிய படங்கள் எல்லாமே வழக்குக்குப் பிறகு வந்தவைதான். 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946) படத்தில், மணமாகாமல் பெற்ற மகனை ஊருக்கு அஞ்சிப் பிறரிடம் இழந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் தூர நின்று பார்க்கும் தாயாக, இளமை முதல் நடு வயது வரை வளர்ந்து காட்டினார். முதல் ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. 'தி ஸ்னேக் பிட்' (1948) படத்தில் மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண்ணாக நடிப்பதற்கு முன், அத்தகைய மருத்துவமனைகளுக்கு நேரில் போய், நோயாளிகளோடும் மருத்துவர்களோடும் இருந்து கவனித்தார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிட்டு ஒரு பெரிய நட்சத்திரம் நடிப்பது அந்தக் காலத்தில் மிக அரிது.

ஆனால் ஒன்றே ஒன்று என்று கேட்டால் 'தி ஹெய்ரஸ்' (1949) என்பேன். மேடையில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் படமாக்க வேண்டும் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் சொன்னவரே ஒலிவியாதான். தந்தையின் ஏளனத்தில் கூனிக் குறுகி வளர்ந்த காத்தரின் என்ற செல்வந்தர் மகள், தன்னைக் காதலிப்பதாகச் சொன்னவனோடு ஓடிப்போகப் பெட்டி படுக்கையோடு இரவெல்லாம் காத்திருக்கிறாள். தந்தையின் சொத்து வராது என்று தெரிந்துகொண்டவன் வரவில்லை. விடியும் நேரத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். வசனம் எதுவும் இல்லை. வைலர் இந்த ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தும் திருப்தி அடையவில்லை என்றும், பொறுமையிழந்த ஒலிவியா பெட்டியை வீசியபோதுதான் அது வெறும் பெட்டி என்பதைக் கண்டு, உள்ளே கனமான புத்தகங்களை நிரப்பச் சொன்னார் என்றும் திரையுலகில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, திரையில் அந்தப் பெட்டியின் கனம் தெரிகிறது. தோள் ஒரு பக்கம் சரிய, ஒவ்வொரு படியிலும் கால் நின்று நின்று ஏறுகிறது.

ஆண்டுகள் கழித்து அவன் திரும்பி வருகிறான். வருகிறேன் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். அவன் வந்து கதவைத் தட்டும்போது உள்தாழைப் போடச் சொல்கிறாள். வெளியே அவன் கதவை இடித்துப் பெயர் சொல்லிக் கத்துகிறான். அவள் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அதே படிகளில் ஏறுகிறாள். இந்த முறை முதுகு நேராக இருக்கிறது. முகத்தில் வெற்றியும் இருக்கிறது, அந்த வெற்றிக்காக அவள் இழந்ததும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருப்பதற்காகத்தான் அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் கொடுத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அக்காவும் தங்கையும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை என்பது உண்மையா? (யாழ்ப்பாண வாசகி)

சிறு வயதிலிருந்தே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1942இல் இருவரும் ஒரே விருதுக்கு எதிரெதிராகப் பரிந்துரைக்கப்பட்டு, 'சஸ்பிஷன்' படத்துக்காகத் தங்கை வென்றார். 1947இல் அக்கா வென்றபோது வாழ்த்தக் கை நீட்டிய தங்கையைக் கவனிக்காமல் திரும்பிக்கொண்டார். ஒலிவியாவின் கணவரைப் பற்றி ஜோன் சொன்ன ஒரு வார்த்தை அவரைப் புண்படுத்தியிருந்தது. 1975இல் தாய் இறந்த சமயத்தில் உறவு அறவே அறுந்தது. 2013 டிசம்பரில் ஜோன் 96 வயதில் இறந்தபோது, செய்தி கேட்டு அதிர்ச்சியும் துயரமும் அடைந்ததாக ஒலிவியா அறிக்கை விட்டார். யார் பக்கம் நியாயம் என்று எழுதியிருந்த வாசகர்களுக்கு: ஒரு வீட்டுக்குள் நடந்ததை வெளியிலிருந்து தீர்க்க எனக்கு விருப்பமில்லை.

முதுமையில் ஒரு தொலைக்காட்சித் தொடர் மீது அவர் வழக்குப் போட்டதாகச் செய்தி வந்ததே? அந்தப் பழைய சட்டம் இப்போதும் நடைமுறையில் இருக்கிறதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பெட்டி டேவிஸ், இன்னொரு நடிகையான ஜோன் கிராஃபோர்ட் இருவரின் பகையைப் பற்றிய 'ஃபியூட்' என்ற அமெரிக்கத் தொடரில், தம் பாத்திரத்தை அனுமதியின்றிக் காட்டி, தாம் சொல்லாத வார்த்தைகளைத் தம் வாயில் திணித்துவிட்டார்கள் என்று 2017 ஜூன் 30 அன்று வழக்குத் தொடுத்தார். மறுநாள் அவருக்கு 101 வயது நிறைந்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. வரலாற்று மனிதர்களைப் பற்றி எழுதும் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதால் அந்தத் தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால், உயிரோடு இருக்கும் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற அவருடைய ஆதங்கமும் எனக்குப் புரிகிறது.

2855ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இசைத்தட்டு நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1987இல் அதில் ஒரு திருத்தம் செய்து, ஒப்புக்கொண்ட தட்டுகளைத் தராமல் விலகும் பாடகரிடம் இழப்பீடு கேட்க வழி வைத்தார்கள். 2008இல் நடிகரும் பாடகருமான ஜாரெட் லெட்டோவின் இசைக்குழு மீது அதன் நிறுவனம் பெரும் தொகை கேட்டு வழக்குப் போட்டபோது, குழுவினர் இந்த ஏழு ஆண்டு விதியைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. பின்பு லெட்டோ பாரிசுக்குப் போய் ஒலிவியாவைச் சந்தித்து நேரில் நன்றி சொன்னார். 2020 ஜூலை 26 அன்று, அதே பாரிசில், 104ஆம் வயதில் அவர் உறக்கத்திலேயே காலமானார்.